முதல் பிழையை மட்டும் பாருங்கள்

பதிவு கொஞ்சம் நீளம். பொறுமையாகப் படியுங்கள்.

வீட்டில் சும்மா கிடந்த பழைய மடிக்கணினி ஒன்றைப் போன மாதம் தூசி தட்டி எடுத்தேன். தங்கை மகள் பிளஸ் டூ படித்தபோது அரசு கொடுத்தது. 2011-இல் தொடங்கிய அந்தத் திட்டத்தின் கணினிகளில் விண்டோஸோடு 'பாஸ்' என்ற லினக்ஸும் இருந்தது சிலருக்கு நினைவிருக்கலாம். மத்திய அரசின் சி-டாக் நிறுவனம் 2007-இல் வெளியிட்டது அது. எங்கள் வீட்டில் அதை யாரும் திறந்ததே இல்லை. இப்போது பக்கத்து வீட்டுத் தம்பி புதிய லினக்ஸ் போட்டுக் கொடுத்தார்.

பேத்திக்காக வாய்ப்பாடு விளையாட்டு ஒன்றின் மூலநிரலை இறக்கினேன். சி மொழியில் எழுதியது. அதிலிருந்த ஆங்கில வரிகளைத் தமிழாக்கி, நானே கம்பைல் செய்து ஓட்டுவது என் திட்டம்.

முதலில், ஏதோ ஒரு கோப்பு இல்லை என்று சொல்லி நின்றுவிட்டது. நிரலுக்கு வேண்டிய துணை நூலகத்தை நிறுவியிருந்தேன். ஆனால் கம்பைல் செய்ய அந்த நூலகத்தின் 'டெவ்' என்று முடியும் பொதியும் தனியாக வேண்டுமாம். அதைப் போட்டதும் சரியானது. அடுத்த முறை ஓட்டினால் திரை முழுக்க 'எரர்', 'எரர்' என்று சிவப்பு எழுத்து. எண்ணிப் பார்த்தேன், முப்பதைத் தாண்டியது. அறுபது வயதுக்கு மேல் இது நமக்கு எதற்கு என்று மூடி வைத்துவிட்டேன்.

இரவு தூக்கம் வரவில்லை. ஒரு வரியைத் தொட்டதற்கு முப்பது பிழையா? காலையில் மேலே போய் முதல் பிழையை மட்டும் படித்தேன். கோப்பின் பெயரும் வரி எண்ணும் அதிலேயே இருந்தன. நான் தமிழாக்கிய இடத்துக்குக் கீழே ஓர் அடைப்புக்குறியைக் கூடுதலாகப் போட்டிருந்தேன். பகுதி அங்கேயே முடிந்துவிட்டது என்று கம்பைலர் எடுத்துக்கொண்டது. அதற்குப்பின் வந்த நல்ல வரிகளும் இடம் தெரியாமல் நின்று பிழையாகிவிட்டன. அந்த ஒரு குறியை அழித்தேன். முப்பதும் போய்விட்டது.

முதல் பிழையோடு நிறுத்திக்கொள்ளாமல் கம்பைலர் ஏன் இத்தனை புலம்புகிறது? அதற்கு ஒரு வரலாறு உண்டு.

அந்தக் காலத்தில் நிரலை அட்டையில் துளை போட்டுக் கொடுப்பார்கள். ஒரு வரிக்கு ஓர் அட்டை, ஓர் அட்டையில் 80 எழுத்துக்கு இடம். கான்பூர் ஐ.ஐ.டி.க்கு 1963-இல் ஐ.பி.எம். 1620 கணினி வந்தது. சென்னை ஐ.ஐ.டி.க்கு 1973-இல் ஐ.பி.எம். 370 வந்தது. அட்டைக் கட்டைக் கொடுத்துவிட்டு, முடிவுக்காக மணிக்கணக்கில், சில சமயம் மறுநாள் வரைகூடக் காத்திருக்க வேண்டும். ஒரு பிழையை மட்டும் சொல்லி அனுப்பினால் பத்துப் பிழைக்குப் பத்து நாள். அதனால் முதல் பிழையைத் தாண்டி, ஊகித்துக்கொண்டு மேலே போய், கண்ணில் பட்டதையெல்லாம் ஒரே தடவையில் சொல்லும்படி கம்பைலரைச் செய்தார்கள். ஊகம் தப்பினால் இல்லாத பிழையும் பட்டியலில் ஏறும். 1983-இல் வந்த டர்போ பாஸ்கல் வேறு வழியில் போனது. முதல் பிழையிலேயே நின்று, அந்த இடத்தில் கர்சரைக் கொண்டுபோய் வைத்துவிடும். மேசையில் சொந்தக் கணினி வந்து, திருத்தித் திருத்தி உடனே ஓட்டிப் பார்க்க முடிந்ததால் அது சரிப்பட்டது. 1987-இல் வெளிவந்த ஜி.சி.சி., இன்று லினக்ஸில் நாம் பயன்படுத்துவது, பழைய வழியிலேயே நீளமாகப் பட்டியல் போடுகிறது.

இன்னொரு பிழையும் வந்தது: 'மிஸ்ஸிங் செபரேட்டர்'. கம்பைல் செய்யும் வேலையை வரிசைப்படுத்தும் 'மேக்' என்ற கருவியை 1976-இல் பெல் ஆய்வகத்தில் ஸ்டூவர்ட் ஃபெல்ட்மன் எழுதினார். அதன் கோப்பில் கட்டளை வரிகள் 'டேப்' விசையில் தொடங்க வேண்டும். வெறும் இடைவெளி விட்டால் ஏற்காது. கண்ணுக்கோ இரண்டும் ஒன்றுதான். அது சரியில்லை என்று சில வாரத்திலேயே அவருக்குத் தெரிந்துவிட்டது. ஆனால் அதற்குள் பத்துப் பன்னிரண்டு நண்பர்கள் பயன்படுத்தத் தொடங்கியிருந்தார்கள். அவர்களுக்குச் சிரமம் வேண்டாம் என்று அப்படியே விட்டுவிட்டார். இன்றும் புதிதாகக் கற்பவர்கள் அதில் தடுக்கி விழுகிறார்கள். இது கற்பவர் குற்றமா?

நம்ம பூண்டியில் நிட்டிங் மெஷின் மெக்கானிக்காக இருக்கும் என் பழைய மாணவர் ஒருவரிடம் இதைச் சொன்னேன். சிரித்தார். "சார், ஒரு ஊசி உடைஞ்சா துணி நெடுக கோடு விழுமுங்க. துணியையே பாத்துட்டு இருந்தா ஆகுமுங்களா? மெஷினை நிறுத்தி, அந்த ஊசியை மாத்தோணுமுங்க."

அவர் போன பிறகு அவருடைய ஐந்தாம் வகுப்புக் கணக்கு நோட்டு நினைவுக்கு வந்தது. நீள் வகுத்தலில் முதல் ஈவைத் தப்பாக எடுத்திருப்பார். அதற்குக் கீழே செய்த பெருக்கலும் கழித்தலும் சரியாகவே இருக்கும். நான் மேலிருந்து கீழ்வரை சிவப்பு மையால் அடித்து முட்டை போட்டேன். அவருக்கு மட்டுமா போட்டேன்? உங்களில் பலருக்கும் போட்டிருக்கிறேன். ஒரு தப்பைப் பத்துத் தப்பாக எண்ணி, "உனக்குக் கணக்கே வராது" என்றும் சொல்லியிருக்கிறேன். அதை நம்பிப் படிப்பை விட்டவர்கள் இருந்தால் என்னை மன்னியுங்கள்.

கம்பைல் செய்து பார்க்க நினைப்பவர்களுக்கு: கடைசி வரியைப் பார்த்துப் பயப்படாதீர்கள். மேலே போய் முதல் பிழையைப் படியுங்கள். சொன்ன வரியையும் அதற்கு முந்தைய வரியையும் பாருங்கள். ஒன்றை மட்டும் திருத்தி மறுபடி ஓட்டுங்கள்.

உங்களில் ஆசிரியராக இருப்பவர்களுக்கும் அதேதான். முதல் தப்புக்கு மட்டும் வட்டம் போட்டு நோட்டைத் திருப்பிக் கொடுங்கள். மீதியைக் குழந்தையே திருத்திக்கொள்ளும்.

வாய்ப்பாடு விளையாட்டு இப்போது தமிழில் ஓடுகிறது. ஏழாம் வாய்ப்பாட்டில் பேத்தி என்னைத் தோற்கடித்துவிட்டாள்.