கோட்டைச் சிறையில் ஒரு கிறிஸ்துமஸ்

மார்கழி பிறந்துவிட்டால் ஸ்ரீவில்லிபுத்தூர் வட்டாரத்தில் விடியலுக்கு முன்பே ஊர் விழித்துக்கொள்கிறது. ஆண்டாள் பிறந்த பூமி அல்லவா! பதினொரு நிலைக் கோபுரத்தின் கீழே திருப்பாவை ஒலிக்கும் அதே மாதத்தில்தான், அந்தப் பக்கத்துக் கிறிஸ்தவர் வீட்டு வாசல்களில் காகித நட்சத்திரங்கள் விளக்கோடு தொங்குகின்றன. இரவில் கீத பவனி, விடியலில் பஜனை. இரண்டுக்கும் நடுவே மனிதர்கள் எப்போது உறங்குகிறார்கள் என்று கேட்கத் தோன்றும்.

ராஜபாளையத்துக்குப் பக்கத்தில் உள்ள தளவாய்புரத்திலோ இந்தக் கேள்விக்கே இடமில்லை. பெண்களுக்கான நைட்டி தைத்து வெளியூர்களுக்கு அனுப்பும் ஊர் அது. பண்டிகை என்றால் ஊராருக்குப் புத்தாடை. புத்தாடை தைப்பவர்களுக்குக் கண்விழிப்பு. மெஷின் மிதிப்பவர்களின் வீட்டிலும் குழந்தைகள் உண்டு. அவர்களுக்கும் புதுத்துணி வேண்டும், பலகாரம் வேண்டும், வரும் உறவினருக்கு விருந்து வேண்டும். கைக்காசு போதாத இடத்தில் வட்டிக் காசு வந்து நிற்கிறது. பூமியில் சமாதானம் உண்டாகட்டும் என்று வானதூதர்கள் வாழ்த்தியதாகச் சொல்லப்படும் இரவில், குடும்பத் தலைவன் கூரையைப் பார்த்துக்கொண்டு கணக்குப் போடுகிறான்.

இந்தப் பரபரப்பு நம் காலத்துக் கோளாறு என்று சொல்லிவிடுவது எளிது. சரித்திரம் அப்படிச் சொல்லவில்லை. டிசம்பர் 25-ஆம் தேதியைக் கிறிஸ்துவின் பிறந்த நாளாக ரோமாபுரியில் கொண்டாடியதற்குக் கிடைக்கும் பழைய சான்று 336-ஆம் ஆண்டைச் சேர்ந்தது. அதற்குப் பின் வந்த நூற்றாண்டுகளில் விருந்தும் குடியும் ஆராதனையோடு சேர்ந்துகொண்டே வந்தன. இதைக் கண்டு மனம் வெதும்பிய இங்கிலாந்துப் பியூரிட்டன்கள், 1647-ல் பார்லிமெண்டின் கட்டளையால் பண்டிகையையே தடை செய்தார்கள். ஜனங்களுக்குச் சமாதானம் வந்ததா? இல்லை, கலகம்தான் வந்தது. பிறகு 1843-ல் ஒரே ஆண்டில் டிக்கன்ஸின் கிறிஸ்துமஸ் கதையும், அச்சிட்ட முதல் வாழ்த்து அட்டையும் லண்டனில் வெளியாயின. கடைத்தெருவுக்கும் பண்டிகைக்கும் உள்ள உறவு அதற்குப் பின் நன்றாக இறுகிப் போயிற்று.

சற்று யோசித்தால், முதல் கிறிஸ்துமஸே சந்தடியின் நடுவில்தான் நடந்திருக்கிறது. லூக்கா சொல்லும் வரலாற்றில், சக்கரவர்த்தி குடிமதிப்புக்கு உத்தரவிடுகிறார். ஊர் ஊராக மக்கள் பிரயாணம் செய்கிறார்கள். சத்திரத்தில் இடம் இல்லை. நிறைமாதக் கர்ப்பிணி ஒருத்தி தொழுவத்தில் பிள்ளை பெறுகிறாள். ஆகவே, சந்தடி ஓய்ந்த பிறகுதான் சமாதானம் வரும் என்று காத்திருப்பவர் வீணாகக் காத்திருக்கிறார். அப்படியானால் அது எங்கே கிடைக்கும்? இதற்கு நம் தமிழ்நாட்டிலேயே ஒரு பழைய சாட்சி இருக்கிறது.

தரங்கம்பாடி 1620 முதல் டேனிஷ்காரர் வசம் இருந்தது. அங்கே 1706-ஆம் ஆண்டு ஜூலை 9-ஆம் தேதி, டென்மார்க் மன்னர் நான்காம் பிரெடெரிக் அனுப்பிய இரு ஜெர்மானியப் போதகர்கள் வந்து இறங்கினார்கள். ஒருவர் சீகன்பால்கு, மற்றவர் புளூட்சோ. மன்னர் அனுப்பிய ஆட்களைக் கம்பெனி அதிகாரிகளுக்குப் பிடிக்கவில்லை. வியாபாரம் செய்ய வந்த இடத்தில் இவர்கள் ஏழைகளோடு பழகுவதும் தமிழ் படிப்பதும் அவர்கள் கண்ணுக்குத் தொல்லையாகத் தோன்றின.

சீகன்பால்கு 1708 அக்டோபர் 17-ஆம் தேதி புதிய ஏற்பாட்டைத் தமிழில் பெயர்க்கத் தொடங்கினார். அப்போது அவருக்கு வயது 26. முப்பத்து மூன்று நாட்கள் கழித்து, நவம்பர் 19-ஆம் தேதி, கைதியாகி டான்ஸ்போர்க் கோட்டையில் அடைபட்டார்.

காரணம் என்ன தெரியுமா? ஒரு கடன் வழக்கு. நாவிதர் ஒருவர் இறந்து போனார். அவருக்கும் கம்பெனியின் மொழிபெயர்ப்பாளர் ஒருவருக்கும் இடையே இருந்த கடன் விவகாரம், அவருடைய விதவையின் தலையில் விழுந்தது. அவளுக்காகச் சீகன்பால்கு பரிந்து பேசினார். ஒரு முறை அல்ல, பல முறை. கோட்டைத் தலைவர் ஹாசியஸ் கோயிலுக்கு வரும்போது அவர்முன் மண்டியிட்டு முறையிடும்படி அவளுக்கு யோசனையும் சொன்னார். ஹாசியஸுக்குக் கோபம் மூண்டது. வரச்சொல்லி ஆள் அனுப்பினார். எழுத்து மூலமான அழைப்பு வேண்டும் என்று போதகர் பதில் சொன்னார். அவ்வளவுதான், காவலர்கள் வந்துவிட்டார்கள்.

1709 மார்ச் 26 வரை, நான்கு மாதத்துக்கும் மேலாக அவர் சிறையில் இருந்தார். நடுவே கிறிஸ்துமஸ் வந்து போயிற்று. அந்த நாளைக் கற்பனை செய்து எழுதும் சபலம் நாவலாசிரியனுக்கு வருவது இயல்பு. அலை ஓசையையும், தூரத்து மணியோசையையும் கலந்து நாலு பக்கம் எழுதிவிடலாம். ஆனால் கற்பனைக்குத் தேவையே இல்லை. பண்டிகை என்று நாம் எவற்றையெல்லாம் சொல்கிறோமோ அவை ஒன்றும் அந்தக் கைதிக்கு இல்லை. ஆடை இல்லை, விருந்து இல்லை, சுற்றம் இல்லை. 1707-ல் அவர் பிரதிஷ்டை செய்த சிறு கோயில், கூப்பிடு தூரத்தில் இருந்தும் அவருக்கு இல்லை. இத்தனையும் கழித்த பிறகு மிஞ்சியது அவருடைய விசுவாசம் ஒன்றே. அது கிறிஸ்துமஸுக்குப் போதுமானதாக இருந்தது. அந்தச் சிறைவாசத்தில் அவர் இரண்டு நூல்களை எழுதினார். ஒன்று கிறிஸ்தவனின் வாழ்வைப் பற்றியது. மற்றொன்று போதகனின் ஊழியத்தைப் பற்றியது. உள்ளம் கலைந்து கிடப்பவனுக்கு இந்த வேலை ஓடாது.

அவர் விதவையின் வழக்கில் தலையிடாமல் இருந்திருந்தால், அமைதியாகப் பண்டிகை கொண்டாடியிருக்கலாம். அந்த அமைதியை விட்டுக் கொடுத்துத்தான் வேறொரு அமைதியைப் பெற்றார். பிறர் துன்பத்தைக் காணாதபடி கதவைச் சாத்திக்கொள்வதைச் சிலர் சமாதானம் என்று எண்ணுகிறார்கள். தரங்கம்பாடிக் கைதி அதற்கு மறுப்பு.

நம் வட்டாரத்துக்கு வருவோம். தாமஸ் ராக்லண்ட் என்பவர் கேம்பிரிட்ஜில் 1841-ல் கணிதத் தேர்வில் நான்காம் இடம் பெற்றவர். சென்னையில் மிஷன் காரியதரிசியாக இருந்தவர், 1854-ல் கூடாரத்தைத் தூக்கிக்கொண்டு வட திருநெல்வேலிக்கு வந்துவிட்டார். சிவகாசியை நடுவாக வைத்துக்கொண்டு, கரிசல் காட்டுக் கிராமங்களில் அலைந்தார். காசநோய் உடம்பை அரித்தது. 1858 அக்டோபர் 22-ஆம் தேதி சிவகாசியிலேயே இறந்தார். நிலையான வீடு இல்லாத அந்த மனிதருடைய வாழ்க்கையை ஆமி கார்மைக்கேல் பின்னாளில் நூலாக எழுதினார். டோனாவூரில் அநாதைக் குழந்தைகளுக்குத் தாயாக இருந்த அந்த அம்மையாரும், 1931 அக்டோபரில் கீழே விழுந்து அடிபட்டு, 1951 ஜனவரி 18-ல் இறக்கும் வரை படுக்கையிலேயே கிடந்தார். இருபது கிறிஸ்துமஸ்கள் அப்படிப் போயின. வெளியே குழந்தைகளின் பாட்டு, உள்ளே வலி. அந்த அறையிலிருந்துதான் நூல் மேல் நூல் வந்துகொண்டிருந்தது.

இவர்கள் எல்லாரும் மகான்கள், நமக்கு எப்படி முடியும் என்று கேட்கலாம். சிறைக்கோ படுக்கைக்கோ நம்மை யாரும் அழைக்கவில்லை. வட்டிக்கு வாங்காமல் பழைய துணியைத் துவைத்து உடுத்திக்கொண்டு கோயிலுக்குப் போகும் தைரியம் ஒன்றைத்தான் பண்டிகை கேட்கிறது. பக்கத்து வீட்டில் கடன்காரன் வந்து நின்றால் எட்டிப் பார்த்து ஒரு வார்த்தை பேசும் ஈரம் இருந்தால், அது இன்னும் மேல்.

சீகன்பால்கு விடுதலையாகி, நிறுத்திய இடத்திலிருந்து மொழிபெயர்ப்பைத் தொடர்ந்தார். 1711 மார்ச் 31-ல் அது முடிந்தது. 1715-க்குள் தரங்கம்பாடியிலேயே முழுவதும் அச்சேறியது. பின்வந்த பலர் அதைத் திருத்தியும் புதுக்கியும் இருக்கிறார்கள். ஆயினும், தளவாய்புரத்துப் பக்கம் கிறிஸ்துமஸ் அதிகாலையில், இரவெல்லாம் தைத்துக் கண் சிவந்தவர்கள் உட்கார்ந்து கேட்கும் அந்தப் பெத்லகேம் வரலாற்றைக் கொண்ட புதிய ஏற்பாடு தமிழில் அச்சான வரிசையில், முதல் ஏடு அந்தக் கைதியின் கையால் வந்ததுதான்.