வாயில் வண்ணமும் அதன் விலையும்

இல்லத்தின் முகம் அதன் வாயில். சுவர் வெளுத்து முடிந்தபின், கதவுக்கும் சாளரச் சட்டத்திற்கும் எவ்வண்ணம் பூசுவது என்பது வீட்டார் கூடி முடிவு செய்யும் செய்தி. கண்ணுக்கு அழகு, மரத்திற்குக் காப்பு என்னும் இரண்டே அம்முடிவில் நெடுங்காலம் எண்ணப்பட்டன. எண்ணாது விடப்பட்ட மூன்றாவது ஒன்றும் உண்டு. அதனை உணர்த்துவது ஈயவெள்ளையின் வரலாறு.

18ஆம் நூற்றாண்டில் இலண்டன் நகர வீடுகளின் சாளரச் சட்டங்கள் பெரும்பாலும் வெண்மை பூண்டிருந்தன. ஆளிவிதை எண்ணெயில் அரைத்த ஈயவெள்ளையே அவ்வெண்மை. மரத்தை இறுகப் பற்றுதல், வெடிப்பின்றிப் படர்தல், மழைக்கு ஈடுகொடுத்தல் ஆகியன அதன் சிறப்புகள். வெளிர்பச்சை, சாம்பல் முதலிய வண்ணங்களுக்கும் அதுவே அடிப்படையாயிற்று.

அதனை ஆக்கிய முறை எளியது, கொடியது. புளிங்காடி ஊற்றிய மட்கலங்களில் ஈயத்தகடுகளை வைத்துச் சாணத்திலோ தோல் பதனிட்ட மரப்பட்டையிலோ புதைப்பர். சில திங்களில் தகடு வெண்பொருக்காக மாறும். அப்பொருக்கைச் சுமந்தோருள் ஏழைப் பெண்கள் பலர். 1860களின் இறுதியில் கிழக்கு இலண்டனின் ஈய ஆலைகளைப் பற்றி எழுதிய சார்லசு டிக்கன்சு, நஞ்செனத் தெரிந்தும் பசியின் பொருட்டு அவ்வேலைக்குச் சென்ற ஐரியப் பெண்களின் நிலையைப் பதிவு செய்தார்.

மாற்று இல்லாமல் இல்லை. வண்ணம் பூசும் தொழிலையே செய்துவந்த பாரிசு நகரத்து லெக்லேர், தம் தொழிலாளர் நலங்கருதி 1840களிலேயே துத்தநாக வெள்ளையைப் பயன்பாட்டிற்குக் கொணர்ந்தார். எனினும் பழைய வழக்கம் எளிதில் அகலவில்லை.

வண்ணம் பூசியோரை மட்டுமன்றி, அவ்வீட்டில் வாழ்ந்தோரையும் அந்நஞ்சு தீண்டிற்று. ஆசுதிரேலியாவின் பிரிசுபேன் நகரில் குழந்தைகள் பலர் கைகால் தளர்ந்தும் பார்வை குன்றியும் நோயுற்றனர். காரணம் தேடிய கண்மருத்துவர் லாக்கார்ட்டு கிப்சன், தாழ்வாரக் கைப்பிடிகளின் வண்ணமே அது என 1904இல் எழுதினார். வெயிலில் பொடிந்த வண்ணம் விரலில் ஒட்டியது. விரல் வாய்க்குச் சென்றது.

சட்டங்கள் மெல்லவே வந்தன. பிரான்சு 1909இல் தடைச்சட்டம் இயற்றியது. பன்னாட்டுத் தொழிலாளர் அமைப்பின் 1921ஆம் ஆண்டு உடன்படிக்கை கட்டடங்களின் உட்புறப் பூச்சை மட்டுமே தடுத்தது. வெளிக்கதவும் சாளரத்தின் புறமுகமும் அதன் எல்லைக்கு அப்பால் நின்றன. குயின்சுலாந்தின் 1922ஆம் ஆண்டுச் சட்டம் வெளிப்புறத்தையும் கருதியது. தரையிலிருந்து நான்கு அடி உயரம் வரை, அதாவது குழந்தையின் கை எட்டும் அளவிற்கு, அது தடை விதித்தது. அமெரிக்கா 1978இல் வீட்டு வண்ணங்களில் ஈயத்தைத் தடுத்தது. இந்தியாவில் 2016இல் வகுக்கப்பட்ட விதிகள், பத்து இலட்சத்தில் 90 பங்கிற்கு மேல் ஈயம் கூடாதென வரையறுத்து 2017 நவம்பரில் நடைமுறைக்கு வந்தன.

புதிய வண்ணத்திற்குச் சட்டம் காவலாயிற்று. பழைய கதவின் அடிப்பூச்சிற்கு அக்காவல் இல்லை. உப்புத்தாள் கொண்டு அதனை உலரத் தேய்க்கும்போதும், சட்டமும் கதவும் உரசும்போதும் அத்தூசு மீண்டும் எழும். நனைத்துத் தேய்ப்பதும், அவ்வேளையில் குழந்தைகளை அகற்றி வைப்பதும் அறிவுடைமை.

சாளரத்தைக் காலதர் என்றனர் முன்னோர். காற்று வரும் வழி என்பது அதன் பொருள். அவ்வழிக்கு வண்ணம் தேர்வோர் அழகையும் காப்பையும் எண்ணுவதோடு, அதனைத் தொடவிருக்கும் சிறுகையையும் எண்ணுதல் வேண்டும்.