ஏடும் படமும்: மட்டக்களப்பு வாவிக்கரையில் வாசிப்புக் கல்வியின் வரலாறு பற்றிய சில குறிப்புகள்

எழுத்தை ஒலிப்பது வேறு. எழுதப்பட்டதைப் பொருளுணர்ந்து படிப்பது வேறு. இவ்விரண்டுக்குமிடையே உள்ள தொலைவே ஆரம்பக் கல்வியின் அடிப்படைப் பிரச்சினையாகும். ஒரு பந்தியைத் தடையின்றி உரத்து வாசிக்கும் நான்காந்தர மாணவன், அப்பந்தியில் யார் எதற்காக என்ன செய்தார் என வினவப்படும்போது வாய்மூடி நிற்பதை ஆசிரியர் பலர் அறிவர். இந்நிலையை மாணவனின் குறைபாடாகக் காண்பதே வழக்கம். அதனை வரலாற்றின் விளைவாக நோக்குவதும், படங்களுடன் கூடிய நெடுங்கதை, அதாவது படநாவல், இதில் ஆற்றக்கூடிய பங்கினை மதிப்பிடுவதும் இக்கட்டுரையின் நோக்கங்களாகும். மட்டக்களப்பு வாவியின் இருமருங்கிலும் அமைந்த எழுவான்கரை, படுவான்கரைப் பிரதேசத்தை நாம் ஆய்வுக்களமாகக் கொள்கிறோம்.

இப்பிரதேசத்தில் அச்சு நூல் வருமுன்னரே கதை வாசிப்பு ஒரு சமூக நிகழ்வாக இருந்தது. கண்ணகியம்மன் கோயில்களில் வைகாசிச் சடங்குக் காலத்தில் கண்ணகி வழக்குரை படிக்கப்படுகிறது. ஒருவர் படிக்க ஊர் கேட்கும். கேட்போருட் பலர் எழுத்தறியாதிருந்த காலத்திலும் கதையின் போக்கையும் வழக்கின் நியாயத்தையும் அறியாதிருந்தவர் அரிது. கூத்து மரபும் இத்தகையதே. அண்ணாவியார் சட்டங்கொடுத்து, மாதக்கணக்கிற் பழக்கி, களரியில் அரங்கேற்றும்வரை ஏட்டிலுள்ள சொல் பாட்டாகவும் ஆட்டமாகவும் உருமாறிக்கொண்டே இருக்கும். ஏட்டின் சொல்லும் கண்முன் தோன்றும் காட்சியும் இங்கு பிரிக்கப்படவில்லை. பொருளுணர்தல் தனிமனிதனின் மௌன முயற்சியாக இல்லாது கூட்டுச் செயற்பாடாக இருந்தது என்பது மனங்கொள்ளத்தக்கது.

ஆயினும் இம்மரபைப் பொற்காலமாகச் சித்திரிப்பது தவறாகும். ஏடு சிலரது கைகளிலேயே இருந்தது. போடியார்களின் வயல்வட்டைகளில் உழைத்தோரின் பிள்ளைகள் கேட்போராக இருந்தனரேயன்றிப் படிப்போராக இருக்கவில்லை. பெண்களின் நிலையும் பெரும்பாலும் இதுவே.

1814 இல் மெதடிஸ்த மிசனைச் சேர்ந்த வில்லியம் ஓல்ற் மட்டக்களப்புக்கு வந்தார். 1815 ஏப்ரலில் இறக்குமுன் அவர் தொடக்கிய பள்ளிப்பணி இப்பிரதேசத்து நவீன கல்வியின் ஆரம்பமெனலாம். பள்ளிக்கூடம் எழுத்தைப் பொதுவாக்கும் வழியைத் திறந்தது. அதேவேளை வாசிப்பை வேதப்பயிற்சியோடும் ஒப்புவித்தலோடும் பிணைத்தது. இதற்கு எதிர்வினையாக 1850களின் தொடக்கத்தில் ஆறுமுக நாவலர் வெளியிடத் தொடங்கிய பாலபாடங்கள், வசன நடையைச் சிறுவர் கைக்கெட்டச் செய்த பெருஞ்சாதனையாகும். ஆனால் அவற்றின் நோக்கம் நல்லொழுக்கமும் சமய அறிவுமாகும். நீதி வாக்கியம் மனனத்திற்குரியது; “அடுத்து என்ன நிகழும்?” என்ற வினாவை அது எழுப்புவதில்லை. இரு தரப்பு நூல்களும் சமயத்தால் வேறுபட்டன. கற்பித்தல் முறையால் ஒன்றுபட்டன.

1892 இல் காரைதீவிற் பிறந்த சுவாமி விபுலாநந்தரின் கல்விப்பணி இச்சூழலிலேயே விளங்கிக்கொள்ளப்பட வேண்டும். 1929 இல் கல்லடி உப்போடையில் நிறுவப்பட்ட சிவானந்த வித்தியாலயம், தமிழையும் நவீன அறிவையும் ஒருங்கே தரும் பாடசாலையை மிசன் பாடசாலைகளுக்கு வெளியே உருவாக்கியது. 1945 இன் இலவசக் கல்வியும், தாய்மொழி வழி ஆரம்பக் கல்வியும், 1960 ஆம் ஆண்டுச் சட்டத்தின்கீழ் உதவிபெறும் பாடசாலைகள் அரசுடைமையானதும் படுவான்கரைப் பிள்ளைகளுக்கு வகுப்பறைக் கதவைத் திறந்தன. 1980 முதல் பாடநூல்கள் இலவசமாக வழங்கப்பட்டன. வாயில் திறந்தது, வாசிக்கும் முறை மாறியதா என்பது வேறு கேள்வி.

பாடநூலுக்கு வெளியே வேறொரு வாசிப்பு வளர்ந்தது. 1947 இல் சென்னையிலிருந்து வெளிவரத் தொடங்கிய அம்புலிமாமா படத்தையும் கதையையும் இணைத்துத் தந்தது. 1972 முதல் சிவகாசியின் முத்து காமிக்ஸ் சித்திரக்கதைகளை வெளியிட்டது. 1970–77 காலத்தில் இந்தியச் சஞ்சிகைகளின் இறக்குமதி கட்டுப்படுத்தப்பட்டமை உள்நாட்டு எழுத்துக்கு ஊக்கமளித்தது. ஆனால் சிறுவருக்கான படக்கதைத் துறையில் அவ்விடைவெளி போதியளவு நிரப்பப்படவில்லை. கல்வியுலகமோ படக்கதையைப் பொழுதுபோக்காகவும், சில வேளைகளிற் கெடுதியாகவுமே கருதிற்று. கொமேனியசு தமது படப் பாடநூலை 1658 இல் நூரம்பேர்க்கில் வெளியிட்டு, சொல்லும் பொருளும் கண்வழி இணையவேண்டும் என வற்புறுத்தி மூன்று நூற்றாண்டுகள் கடந்த பின்னரும் இந்நிலை நீடித்தமை வியப்புக்குரியது.

படநாவலின் கற்பித்தற் பயன் யாது? படம் அலங்காரமன்று. நல்ல படநாவலில் படம் சொல்வதை எழுத்துத் திருப்பிச் சொல்வதில்லை. இடம், பருவம், முகக்குறிப்பு என்பவற்றைப் படம் காட்டும். காரணம், எண்ணம், காலவோட்டம் என்பவற்றை எழுத்து உரைக்கும். இரண்டுக்குமிடையிலுள்ள வெளியை மாணவனே நிரப்புகிறான். “நான் அஞ்சவில்லை” என்று எழுத்துக் கூற, தோணியின் விளிம்பை இறுகப் பற்றிய கைகளைப் படம் காட்டுமாயின், மாணவன் உய்த்துணரத் தொடங்குகிறான். பொருளுணர் வாசிப்பின் கருவே அதுதான். கதை பல அத்தியாயங்களாக நீள்வதால் முன்னர் நிகழ்ந்ததை நினைவிற் கொண்டு, பின்னர் நிகழ்வதை ஊகிக்கும் பழக்கமும் உண்டாகிறது. துண்டுப் பந்தியும் அதன்கீழ் ஐந்து வினாக்களும் இப்பழக்கத்தைத் தருவது கடினம்.

மொழி பற்றிய பிரச்சினையும் இதனோடு இணைந்தது. பாடநூலின் தமிழ் எழுத்துத் தமிழ். பிள்ளையின் தமிழ் மட்டக்களப்புப் பேச்சுத் தமிழ். வட்டை, தோணா, அத்தாங்கு முதலிய சொற்களுடன் வளர்ந்தவன், அவை இடம்பெறாத உலகமொன்றையே நூலிற் சந்திக்கிறான். படம் இவ்விடைவெளிக்குப் பாலமாகும். படத்தைக் கண்டு தன் பேச்சுமொழியில் முதலில் விளக்கவும், பின்னர் நூலின் வாக்கியத்தோடு ஒப்பிடவும் மாணவனுக்கு இடமளிக்கப்பட்டால், எழுத்துத் தமிழ் அவனது அனுபவத்தின்மேற் கட்டப்படும். வி. சீ. கந்தையாவின் ‘மட்டக்களப்புத் தமிழகம்’ (1964) இப்பிரதேசத்தின் வழக்குகளையும் மரபுகளையும் தொகுத்தளித்துள்ளது. அத்தகைய செல்வம் சிறுவர் நூலாக்கத்திற்குப் பயன்படவேண்டியது.

படம் எழுத்தை விழுங்கிவிடும் என்ற ஆட்சேபம் புறக்கணிக்கத்தக்கதன்று. படத்தை மட்டும் பார்த்துக் கதையை ஊகித்து முடிக்கும் மாணவன் வாசித்தவனாகான். எனவே படத்தை மறைத்து எழுத்தை வாசிப்பித்தல், எழுத்தை மறைத்துப் படத்தை எழுதுவித்தல், இரண்டும் முரண்படும் இடத்தைக் கண்டறியச் செய்தல் ஆகிய பயிற்சிகள் இன்றியமையாதன. படநாவல் ஆசிரியரின் பணியைக் கூட்டுகிறதேயன்றிக் குறைப்பதில்லை.

இவ்வினா வெறும் முறையியல் வினாவன்று. 1983 முதல் 2009 வரையான போர், 2004 டிசம்பர் 26 இன் ஆழிப்பேரலை என்பன இப்பிரதேசத்துப் பாடசாலைகளைப் பலமுறை சிதைத்தன. இடம்பெயர்ந்த பிள்ளை இழந்தவற்றுள் தொடர்ச்சியாக வாசிக்கும் பழக்கமும் ஒன்று. 1996 இல் மட்டக்களப்பில் ஆரம்பிக்கப்பட்ட வண்ணத்துப்பூச்சிப் பூங்கா, போரினாற் பாதிக்கப்பட்ட தமிழ், முஸ்லிம் சிறுவரை ஓவியத்தின் வழியும் கதையின் வழியும் ஒன்றுகூட்டியமை இங்கு கருதத்தக்கது. சொல்லால் உரைக்கவியலாததை முதலிற் கோட்டாலும் வண்ணத்தாலும் உரைக்கலாம் என்பதை அம்முயற்சி உணர்த்திற்று.

ஐந்தாந்தரப் புலமைப்பரிசில் பரீட்சையின் நெருக்கடியில் நெடுங்கதைக்கு நேரமில்லை என்பர். நகரப் பாடசாலைப் பிள்ளைக்கு வீட்டிலும் தனியார் வகுப்பிலும் கிடைக்கும் வாசிப்பு, படுவான்கரை விவசாயக் கூலியின் பிள்ளைக்கு வகுப்பறையில் மட்டுமே கிடைக்கக்கூடும். அந்த நேரத்தையும் பறித்துவிட்டு இருவரையும் ஒரே வினாத்தாளால் அளப்பது சமத்துவமாகாது.

வழக்குரை படித்தவரைச் சூழ்ந்திருந்து கேட்ட ஊரில், பொருள் அனைவருக்கும் கிட்டியது. எழுத்துச் சிலருக்கே கிட்டியது. நவீன பள்ளி எழுத்தை அனைவருக்கும் அளித்தது. பொருளைச் சிலருக்கே விட்டுவைத்தது. இரண்டையும் எல்லாருக்கும் உரியதாக்குவதே எஞ்சியுள்ள பணியாகும். வாவிக்கரையின் வாழ்க்கையை வாவிக்கரையின் எழுத்தாளரும் ஓவியரும் இணைந்து சிறுவருக்குப் படநாவலாக ஆக்கித் தருவது அப்பணியின் முதற்படிகளுள் ஒன்றென நாம் கருதுகிறோம்.