பிறப்புக் கதை எதற்கு? – மதுரைப் பக்கத்து மாயக்கதைகள் குறித்து

1

கடந்த சில மாதங்களாக ஒரு ஒழுங்கும் இல்லாமல் மாயக்கதைகளாகப் படித்துக்கொண்டிருந்தேன். ஏஞ்சலா கார்ட்டர் 1979இல் வெளியிட்ட 'தி பிளடி சேம்பர்' என்கிற தேவதைக்கதை மறுகூறல்கள். கிரிம் சகோதரர்களின் கதைத் தொகுப்பு. 2011இல் வந்த 'பீமாயணம்' சித்திர நாவல். மறுபதிப்பில் கிடைக்கும் இரும்புக்கை மாயாவி. இவற்றுக்கு நடுவே, ஒருகாலத்தில் மதுரை புதுமண்டபத்துக் கடையில் வாங்கி இப்போது தாள் பழுத்துப்போன பெரிய எழுத்து மதுரைவீரன் கதையும் நல்லதங்காள் கதையும். (அந்தக் கடைகளே இன்று புதுமண்டபத்தில் இல்லை, குன்னத்தூர் சத்திரத்துக்குப் போய்விட்டன.)

"இந்த வயசுல என்னப்பா பேய்க்கதை?" என்று தோழர்கள் கேட்டார்கள். கேள்வியில் இருப்பது கேலி மட்டுமல்ல, ஒரு விமர்சன மரபு. யதார்த்தம் என்றால் முற்போக்கு, மாயம் என்றால் மூடநம்பிக்கை அல்லது தப்பித்தல் என்று நம்பிய மரபு அது. மார்க்வெஸ் பெயரோடு 'மாய யதார்த்தம்' இங்கே வந்து இறங்கியபோது அந்த மரபு கொஞ்சம் ஆட்டம் கண்டது. ஆனால் அப்போதும் மாயத்தைக் கொலம்பியாவிலிருந்து வரவழைத்துக்கொண்டோமே தவிர, நம் ஊர் நடைபாதையில் கிடந்த புத்தகத்தைக் குனிந்து எடுக்கவில்லை.

இக்கட்டுரை சொல்ல வருவது ஒன்றுதான். மதுரையிலும் அதைச் சுற்றிய சமவெளியிலும் புழங்குகிற முக்கியமான மாயக்கதைகள் பலவற்றின் மையத்தில் ஒரு கொலை இருக்கிறது. கதை மறுபடி சொல்லப்படும்போது அந்தக் கொலைக்கு முன்னால் ஒரு பிறப்பு ஒட்டப்படுகிறது. பிறப்பு ஒட்டப்பட்டவுடன் கொன்றவன் நழுவிவிடுகிறான்.

2

மதுரைவீரன் கதையை எடுத்துக்கொள்வோம். அச்சில் உள்ளபடி வீரன் காசி ராஜாவின் மகன். கொடி சுற்றிப் பிறந்ததால் நாட்டுக்கு ஆகாது என்று சோதிடர்கள் சொல்ல, காட்டில் போடப்படுகிறான். சின்னான் என்கிற சக்கிலியரும் அவர் மனைவியும் எடுத்து வளர்க்கிறார்கள். சமைந்து குடிசையில் இருக்கும் பொம்மிக்குக் காவல் இருக்கப் போனவன், அவளைக் கூட்டிக்கொண்டு கிளம்பிவிடுகிறான். துரத்திவந்த அவள் தகப்பன் பொம்மண நாயக்கன் சண்டையில் சாகிறான். பிறகு திருச்சி, கள்ளரை அடக்குவதற்காக மதுரை, மதுரையில் வெள்ளையம்மாள். கடைசியில் மாறுகால் மாறுகை வாங்கப்படுகிறான். செத்தவன் ஊரைப் பாடாய்ப் படுத்துகிறான். மீனாட்சி கோயில் கிழக்குக் கோபுரத்தடியில் இடம் கொடுத்துச் சமாதானம் செய்கிறார்கள்.

இந்தக் கதையில் மதுரைத் திருமலை நாயக்கரும் திருச்சி விஜயரங்க சொக்கநாதரும் ஒரே காலத்தில் ஆள்கிறார்கள். வரலாற்றில் முன்னவர் ஆண்டது 1623–1659, பின்னவர் 1706–1732. ஆண்டுக்கணக்கைக் காட்டி 'கட்டுக்கதை' என்று ஒதுக்கிவிடுவது சுலபம். ஆனால் கதை ஞாபகம் வைத்திருப்பது அரசர் வரிசையை அல்ல. யார் யாரைத் தொட்டால் கை கால் போகும் என்பதை அது ஞாபகம் வைத்திருக்கிறது.

தென்தமிழ்நாட்டு வில்லுப்பாட்டை ஆராய்ந்த ஸ்டூவர்ட் பிளாக்பர்ன், இந்திய வாய்மொழிக் காப்பியங்கள் பற்றி 1989இல் வெளிவந்த ஆங்கிலத் தொகுப்பு ஒன்றில் முன்வைத்த வாதம் இங்கே உதவும். உள்ளூர் அளவில் கதை ஒரு வன்சாவில் தொடங்குகிறது, செத்தவர் தெய்வமாகிறார். தன் வட்டாரத்தைத் தாண்டிக் கதை பரவும்போதுதான் தெய்வீகப் பிறப்பும் புராண உறவும் முன்னால் வந்து சேர்கின்றன. அதாவது, கதையில் முதலில் வருவது காலத்தில் கடைசியாக வந்தது.

இதை வைத்துக்கொண்டு காசி ராஜாவைப் பாருங்கள். அவரை எடுத்துவிட்டால் கதைக்கு ஒரு குறையும் வராது. சின்னான் மகன் பொம்மியை விரும்பினான், வெட்டப்பட்டான். காசி ராஜா உள்ளே வந்தவுடன் எல்லாம் இடம் மாறுகிறது. சாதி தாண்டியதாக நினைத்தது தாண்டலே இல்லை, ராஜகுமாரன்தானே நாயக்கர் பெண்ணைக் கொண்டுபோனான் என்றாகிறது. வெட்டு என்பது அதிகாரத்தின் செயலாக இல்லாமல் விதியின் செயலாகிறது. சில வடிவங்களில் நாயக்கர் வருந்த, மீனாட்சி அருளால் கை கால் திரும்ப முளைக்கின்றன. விதி முடிந்தது என்று வீரன் தானே கழுத்தை அறுத்துக்கொள்கிறான். கொலை தற்கொலையாகிவிட்டது. 1956இல் வந்த எம்.ஜி.ஆர். படமும் ராஜகுமாரனைக் கைவிடவில்லை.

தனித்த உதாரணம் அல்ல இது. பாபநாசம் பக்கத்து முத்துப்பட்டன், பிராமணனாகப் பிறந்து வாலப்பகடையின் மகள்களான பொம்மக்கா, திம்மக்காவைக் கட்டிக்கொண்டு செருப்புத் தைத்தவன். நா. வானமாமலை பதிப்பித்து மதுரைப் பல்கலைக்கழகம் 1970களின் தொடக்கத்தில் வெளியிட்ட கதைப்பாடல்களில் அதுவும் ஒன்று. அந்தக் கதையிலும், பெண்கள் இருவரும் உண்மையில் பிராமணர் வீட்டுப் பிள்ளைகள், காட்டில் கண்டெடுத்து வளர்க்கப்பட்டவர்கள் என்று சொல்கிற வடிவம் உண்டு. மதுரையில் வாழும் அருணன், நந்தன், மதுரைவீரன், முத்துப்பட்டன் மூவரையும் சேர்த்து எழுதிய நூலுக்குக் 'கொலைக்களங்களின் வாக்குமூலம்' என்று பெயர் வைத்தார். பொருத்தமான பெயர். இவற்றை வாக்குமூலமாகப் படித்தால், திருத்தப்பட்ட வாக்குமூலத்தில் எந்தப் பக்கம் பின்னால் சொருகப்பட்டது என்பதுதான் நாம் கேட்க வேண்டிய முதல் கேள்வி.

3

இந்தச் சொருகல் வேலை பெரிய எழுத்துப் புத்தகக்காரர்கள் கண்டுபிடித்ததல்ல. மதுரையின் ஆகப் பழைய மாயக்கதையிலேயே இருக்கிறது.

சிலப்பதிகாரத்தில் கோவலன் விசாரணை இல்லாமல் வெட்டப்படுகிறான். கண்ணகி நியாயம் கேட்கிறாள். அரசன் விழுகிறான், ஊர் எரிகிறது. இதோடு நின்றிருந்தால் தமிழின் மிகக் கூர்மையான கொலைக் கதை அதுதான். ஆனால் எரிகிற ஊருக்கு நடுவே மதுராபதி என்கிற நகரத் தெய்வம் கண்ணகியின் பின்னால் வந்து நிற்கிறது. பாண்டியர்கள் எவ்வளவு நீதிமான்கள் என்று எடுத்துச் சொல்கிறது. பிறகு முற்பிறவிக் கதை: கோவலன் போன பிறவியில் பரதன் என்பவன், சங்கமன் என்கிற வணிகனை ஒற்றன் என்று காட்டிக்கொடுத்துக் கொல்ல வைத்தான், சங்கமன் மனைவி நீலி சாபமிட்டுச் செத்தாள், அந்த வினைதான் இப்போது வந்தது. சுருக்கமாகச் சொன்னால் நகரத் தெய்வம் அரண்மனையின் வக்கீல். ஒரு கொலைக்குப் பதில் சொல்ல இன்னொரு கொலையைத் தேடி எடுத்து வருகிறது.

இன்னொன்றும் இருக்கிறது. காப்பியத்தின் உரைபெறு கட்டுரை, அடுத்து வந்த வெற்றிவேற்செழியன் ஆயிரம் பொற்கொல்லர்களைப் பலிகொடுத்துச் சாந்தி செய்ததாகச் சொல்கிறது. பொய் சொன்னவன் ஒருத்தன், தீர்ப்புச் சொன்னவன் அரசன், செத்தவர்கள் ஆயிரம் கைவினைஞர்கள். அவர்களுக்கு முற்பிறவிக் கதைகூடக் கிடைக்கவில்லை. கண்ணகிக்காகக் கண்ணீர் விட்ட நம் விமர்சனம் இந்த ஆயிரம் பேரைப் பெரும்பாலும் பேசாமலே கடந்தது.

4

பிறப்பை ஒட்டுவது ஒரு வழி. இன்னொரு வழி, குற்றவாளியை மாற்றுவது. நல்லதங்காள் கதையில் பிறப்புக் கதை தேவைப்படவில்லை. பஞ்சம், மானாமதுரையிலிருந்து ஏழு பிள்ளைகளோடு மதுரைக்கு அண்ணன் வீட்டைத் தேடி நடக்கிறாள், அண்ணி மூளி அலங்காரி கதவைச் சாத்துகிறாள், பிள்ளைகளைக் கிணற்றில் தள்ளித் தானும் விழுகிறாள். வத்திராயிருப்புப் பக்கம் அர்ச்சுனாபுரத்தில் அவளுக்குக் கோயில் இருக்கிறது.

இங்கே கொன்றது பட்டினி. பிறந்த வீட்டில் பெண்ணுக்குச் சொத்தில் பங்கில்லை என்கிற ஏற்பாடு. ஆனால் கதை விரலை நீட்டுவது இன்னொரு பெண்ணை நோக்கி. ஊரில் இன்றைக்கும் கல் நெஞ்சுக்காரியைத் திட்ட 'மூளி அலங்காரி' என்பார்கள். பிறந்த வீட்டுச் சொத்தில் மகளுக்குச் சம பங்கு என்று தமிழ்நாட்டில் சட்டம் திருத்தப்பட்டது 1989இல். அதுவரை சட்டம் எத்தனை கதவுகளைச் சாத்தி வைத்திருந்தது என்பதைக் கதை சொல்வதில்லை.

கிரிம் சகோதரர்கள் செய்ததும் இதுதான். 1812இல் வந்த முதல் பதிப்பில் பஞ்சத்தில் பிள்ளைகளைக் காட்டில் விடச் சொல்வது பெற்ற தாய். பின்வந்த பதிப்புகளில் அவள் மாற்றாந்தாயாகிவிட்டாள். குடும்பம் காப்பாற்றப்பட்டது, பசி காணாமல் போனது. ஏஞ்சலா கார்ட்டரின் மறுகூறல் இதற்கு நேர் எதிர்த் திசையில் போகிறது. மனைவிகளைக் கொன்று அறையில் பூட்டிவைக்கும் நீலத்தாடியின் கதையை எடுத்து, அந்த அறைக்குள் நம்மைக் கூட்டிப்போய், செத்த பெண்களை ஒவ்வொருத்தியாகப் பார்க்க வைக்கிறார். கடைசியில் காப்பாற்ற வருபவள் அம்மா. மாயம் குறையவில்லை, ஆனால் கொலை கொலையாகவே இருக்கிறது.

5

இடையில் எங்கள் தலைமுறையின் வாசிப்பைச் சொல்ல வேண்டும். 1947இல் சென்னையில் தொடங்கிய 'அம்புலிமாமா'தான் எங்களுக்கு முதல் மாயம். ஓவியர் சங்கர் வரைந்த அந்தப் படம்: உருவிய வாளோடு விக்கிரமாதித்தன், தோளில் பிணம், அதற்குள் வேதாளம். இத்தனை கேள்விகளுக்குப் பதில் சொல்லும் ராஜா, 'நான் தூக்கிக்கொண்டு போகும் இந்தப் பிணம் யாருடையது?' என்று கேட்டதாக எனக்கு ஞாபகம் இல்லை. நாங்களும் கேட்கவில்லை.

1972இல் சிவகாசியிலிருந்து முத்து காமிக்ஸ் வந்தது. முதல் இதழே இரும்புக்கை மாயாவி. இங்கிலாந்துப் பத்திரிகையில் 1962இல் தொடங்கிய கதை. கையை இழந்து இரும்புக்கை பொருத்திக்கொண்ட ஒருவன் மின்சாரம் பாய்ந்தால் மறைந்துபோகிறான். அந்தக் கை மட்டும் தெரியும். வாடகைக் கடையில் மட்டை கிழிந்த பிரதியை வாங்கி, திருப்பிக் கொடுக்க மனசில்லாமல் இரண்டாம் தடவையும் படித்தவர்கள் நாங்கள்.

ஏன் அப்படிப் பிடித்தது? குற்றவாளிகளைப் பிடிக்கும் உளவாளி, வெள்ளைக்கார சாகசம் என்கிற விமர்சனமெல்லாம் சரிதான். ஆனால் இப்போது படிக்கும்போது வேறொன்று படுகிறது. மாயாவிக்குப் பிறப்புக் கதை இல்லை. எந்த ராஜா மகனும் இல்லை அவன். ஆய்வுக்கூடத்து உதவியாள், அவனுக்கு நேர்ந்தது விபத்து. வேலை செய்கிற இடத்தில் உடம்புக்கு நேர்ந்த சேதமே அவனுடைய சக்தி. அது அச்சாகி வந்த ஊர் எது? பட்டாசும் தீப்பெட்டியும் கைகளைத் தின்கிற ஊர். நாட்காட்டியில் சாமிகளை நான்கு கை, ஆறு கையோடு அச்சடித்து நாடு முழுக்க அனுப்பிய ஊர். விபத்தில் கை போனவனின் கதை அங்கிருந்து எங்களுக்கு லண்டன்காரனாகத்தான் வந்து சேர்ந்தது. உள்ளூர்க் கை எந்தச் சித்திரக் கதைக்குள்ளும் வரவில்லை.

6

வர முடியும் என்பதற்குச் சாட்சி 'பீமாயணம்'. அம்பேத்கரின் வாழ்க்கையை கோண்டு ஓவியர்கள் துர்காபாய் வியாம், சுபாஷ் வியாம் வரைந்தது. கட்டம் கட்டமாகப் பிரிக்காத பக்கங்கள். ரயில் பாம்பாகிறது. ஒடுக்கப்பட்டவரின் பேச்சு பறவை வடிவக் குமிழில் வருகிறது. விஷப் பேச்சுக்குத் தேள் கொடுக்கு முளைத்த குமிழ். முழுக்க மாயம்தான். ஆனால் அம்பேத்கரை எந்தத் தெய்வத்தின் அவதாரமாகவும் ஆக்கவில்லை. தண்ணீர் மறுக்கப்பட்ட சிறுவன் தண்ணீர் மறுக்கப்பட்ட சிறுவனாகவே இருக்கிறான். உலகம் மட்டும் உயிர் பெற்று அவனுக்குச் சாட்சி சொல்கிறது.

இது ஏதோ அழகியல் விவகாரம் என்று நினைத்துவிட வேண்டாம். மேலூர் பக்கம் மேலவளவுக்கு வாருங்கள். தலித்துகளுக்கு ஒதுக்கப்பட்ட ஊராட்சித் தலைவர் பதவியில் வென்ற முருகேசன், 1997 ஜூன் 30 அன்று மதுரையில் மாவட்ட ஆட்சியர் அலுவலகம் போய்விட்டுப் பேருந்தில் திரும்பும்போது உடன் வந்தவர்களோடு வெட்டிக் கொல்லப்பட்டார். துண்டித்த தலையைக் கொண்டுபோய்க் கிணற்றில் போட்டார்கள். 2001இல் 17 பேருக்கு ஆயுள் தண்டனை. அதில் 3 பேர் 2008இல் அண்ணா நூற்றாண்டையொட்டி விடுவிக்கப்பட்டார்கள். 13 பேர் 2019இல் எம்.ஜி.ஆர். நூற்றாண்டையொட்டி முன்விடுதலை பெற்றார்கள்.

நூற்றாண்டு என்றால் பிறந்தநாள். காசி ராஜா வீட்டுப் பிறப்பு ஏட்டில் செய்த வேலையை, தலைவர்களின் பிறப்பு அரசாணையில் செய்தது. 1956இல் மதுரைவீரனாக நடித்தவரின் பிறந்தநாள் 2019இல் யாருக்குப் பயன்பட்டது என்பதை நான் விளக்க வேண்டியதில்லை.

மேலவளவில் கொல்லப்பட்டவர்களுக்கு நினைவிடம் இருக்கிறது. வருஷாவருஷம் ஜூன் 30இல் கூடுகிறார்கள்; பெயர்கள் சொல்லப்படுகின்றன. இன்றைக்கு இது போராட்டம். நாளைக்கு யாராவது இதைக் கதையாகவோ சித்திர நாவலாகவோ செய்வார்கள், செய்யட்டும். பேய் வரட்டும், கிணறு பேசட்டும், பேருந்து பாம்பாகட்டும். மாயத்தோடு எனக்கு ஒரு சண்டையும் இல்லை. ஆனால் எழுதுகிற தோழரிடம் ஒரு வேண்டுகோள்: செத்தவர் யார் வீட்டுப் பிள்ளை என்பதை மாற்றிவிடாதீர்கள். வெட்டியவர் யார் என்பதையும்.