குருதி சொல்லும் சேதி

1963இல் மொஸ்கோ விஞ்ஞானி கரி அபெலெவ், ஈரற்புற்றுநோய் கண்ட எலிகளின் குருதியில், கருவிலுள்ள குட்டிக்கே உரிய அல்பா பீற்றோ புரதத்தைக் கண்டார். 1964இல் தத்தாரினோவ் அதனை நோயுற்ற மனிதரின் குருதியிலும் காட்டினார்.

இப்புரதம் சீனிக்கிளையொன்றைத் தாங்கியது. புற்றுக்கலத்தில் பிறக்கையில் அக்கிளையில் பியூக்கோஸ் என்னும் சீனி மிகுதியாக ஏறுகிறது. அவ்வேறுபாட்டைப் பிரித்தறிய ஜப்பானிய ஆய்வாளர் 1980களில் கையாண்டது மைசூர்ப்பருப்பின் புரதமே. புத்தளக் கரையோரக் குடிசைகளில் வேகும் அதே பருப்பு!

தனிச் சாட்சியாக இது போதாது. எனினும் ஈரல் கெட்டோரிடம் கட்டி சிறிதாயிருக்கையிலேயே எச்சரிக்கவல்லது. ஆனால் மஹரகமப் புற்றுநோய் வைத்தியசாலை கற்பிட்டிக்கு 150 கிலோமீற்றருக்கும் அப்பால் உள்ளது. ஒருநாள் கடலுக்குப் போகாவிடில் உலையேறாத தொழிலாளி, நோயின் முதற்குரலைக் கேட்கப் பயணம் போவானா? பருப்பு அவன் அடுப்பை எட்டியது. அப்பருப்பால் விளைந்த அறிவும் அவன் ஊர் வைத்தியசாலையை எட்டவேண்டும்.