கட்டையை வெயிலில் வைத்த காலம்

திருவண்ணாமலையிலிருந்து செஞ்சி வழியாகத் திண்டிவனத்துக்குச் செல்லும் சாலையில், அண்ணாமலையைப் பின்னே விட்டு ஏறக்குறைய இருபது கிலோமீட்டர் வந்தால், கீழ்பென்னாத்தூர் என்னும் ஊர் எதிர்ப்படும். ஜீவநதி எதுவும் பாயாத இந்தப் பிரதேசத்தில், ஐப்பசியிலும் கார்த்திகையிலும் பெய்யும் மழையை ஏரியில் தேக்கி, கிணற்றில் ஊறவிட்டு, நெல்லும் மல்லாட்டை என்னும் நிலக்கடலையும் விளைவித்து வந்த மக்களுக்குச் சேமிப்பு என்பது பிறர் சொல்லிக் கேட்கும் உபதேசமாக இல்லாமல் பிழைப்புக்கு ஆதாரமாகவே இருந்து வந்திருக்கிறது. இங்கே சொல்ல வந்தது, நீரைத் தேக்கியதுபோல் மின்சாரத்தையும் தேக்கி வைக்க இத்தகைய ஊர்களுக்கு ஒன்றன்பின் ஒன்றாக வந்து சேர்ந்த மின்கலங்களைப் பற்றியும், அவற்றைப் பேணுவதற்கென்று வீடுதோறும் எழுந்த ஆசாரங்களைப் பற்றியுமாகும்.

முதலில் வந்தது, ஜனங்கள் ‘பேட்டரிக் கட்டை’ என்று பெயரிட்டழைத்த உலர்மின்கலம். இத்தாலிய விஞ்ஞானி வோல்டா 1800-ல் மின்கல அடுக்கை அமைத்துக் காட்டிய பின்னர், பிரான்ஸ் தேசத்து லெக்லாஞ்சே 1866-ல் துத்தநாகத்தையும் மாங்கனீசு டையாக்சைடையும் கொண்டு செய்த கலமே இந்தக் கட்டைக்கு மூலபுருஷன். 1947-ல் டிரான்சிஸ்டர் கண்டுபிடிக்கப்பட்டு, வால்வுகளைச் சூடேற்றுவதிலேயே மின்சாரத்தைக் கரைத்துவிடும் பழைய ரேடியோக்கள் மறைந்து, சில கட்டைகளைக் கொண்டே பல நாள் பாடக்கூடிய சிறு பெட்டிகள் புழக்கத்துக்கு வந்தபோது, மின்கம்பி எட்டாத வீட்டிலும் செய்தியும் சங்கீதமும் கேட்கத் தொடங்கின. கட்டையின் பலம் குன்றிப் பாட்டு ஈனஸ்வரத்தில் இழுக்கத் தொடங்கினால், அதைக் கழற்றி ஓட்டுக் கூரையின் மீதோ திண்ணை ஓரத்திலோ வெயிலில் காயவைத்து, சாயங்காலம் மறுபடி போட்டுக் கேட்பது அக்காலத்து வழக்கம். சூரியனின் சக்தி உள்ளே புகுந்துவிட்டதாகவே பலரும் நம்பினார்கள். உண்மையில் புதிய சக்தி எதுவும் புகுவதில்லை. வெப்பத்தினால் உள்ளே நிகழும் ரசாயனக் கிரியை சற்று வேகங்கொண்டு, அடியில் தங்கியிருந்த மிச்சம் வெளிப்படுகிறது. காரணம் பிழையாயினும் காரியம் பலித்தது. பலித்தமையால் அது ஆசாரமாக நிலைத்தது.

அடுத்தது ஈய–அமில மின்கலம். 1859-ல் பிளாண்டே என்னும் பிரெஞ்சுக்காரர் கண்டறிந்த இது, லாரியிலும் டிராக்டரிலும் ஏறி நமது நாட்டுப்புறத்துக்கு வந்து, பிற்காலத்தில் இன்வெர்ட்டர் என்னும் பெயரோடு கூடத்து மூலையில் குடியேறியது. இதன் ஸ்வபாவமே வேறு. எப்போதும் வயிறு நிறைந்திருக்க வேண்டும். பாதி வற்றிய நிலையில் நெடுநாள் கிடந்தால், தகடுகளின் மேல் ஈய சல்பேட்டு இறுகிப் படிந்து, பிறகு எத்தனை மின்சாரம் செலுத்தினாலும் ஏற்காமல் போய்விடும். ஆகவே அவ்வப்போது டிஸ்டில்ட் வாட்டர் ஊற்றி, கரண்ட் வந்த கணத்திலேயே சார்ஜில் விட்டு, நிறைகுடமாகவே வைத்திருப்பது இரண்டாவது ஆசாரமாயிற்று.

மூன்றாவது கலம் இதற்கு நேர்மாறான புத்தி உடையது. ஸ்வீடன் தேசத்து யுங்னர் 1899-ல் உருவாக்கிய நிக்கல்–காட்மியம் கலம், கம்பியில்லாத் தொலைபேசிகளிலும் முற்காலத்து மடிக்கணினிகளிலும் இடம் பெற்றது. அரைகுறையாகச் செலவழித்து அரைகுறையாக நிரப்புவதையே பழக்கமாக்கினால், அந்த அரைகுறையையே தன் முழு அளவாக அது நினைவில் வைத்துக்கொள்ளும் என்று சொல்லப்பட்டது. எனவே ‘சுத்தமாகத் தீர்ந்த பிறகே சார்ஜ் போட வேண்டும்’ என்பது மூன்றாவது ஆசாரம். பிற்காலத்தில் எத்தனையோ வீடுகளில் கைப்பேசியையும் மடிக்கணினியையும் அவை தாமாக அணையும்வரை காத்திருந்து சார்ஜில் போட்டவர்கள், தாம் கடைப்பிடிப்பது காட்மியத்தின் தர்மம் என்பதை அறிந்திருக்க நியாயமில்லை.

நான்காவதாக வந்ததே இன்று நம் மடியில் தவழ்வது. உலோகங்களில் மிக லேசானதாகிய லித்தியத்தைக் கொண்டு 1970-களில் விட்டிங்காம் ஒரு கலம் செய்தார். அது தீப்பற்றும் குணமுடையதாக இருந்தது. 1980-ல் குட்இனஃப் கோபால்ட் ஆக்சைடு என்னும் சேர்மத்தை அதற்குத் துணையாக்கினார். 1985-ல் ஜப்பானியரான யோஷினோ, லித்திய உலோகத்தை நீக்கி அதன் அயனிகள் மட்டும் இருபுறமும் சென்று திரும்பும்படி செய்து, அபாயத்தை வெகுவாகக் குறைத்தார். 1991-ல் சோனி நிறுவனம் அதைச் சந்தைக்குக் கொணர்ந்தது. மூவருக்கும் 2019-ல் நோபல் பரிசு கிடைத்தபோது குட்இனஃபுக்கு வயது 97. மின்வேதியியல் என்னும் இந்தச் சாஸ்திரம் தமிழ்நாட்டுக்கு அந்நியமானதன்று என்பதையும் இங்கே நினைவுகூர வேண்டும். வள்ளல் அழகப்பச் செட்டியார் 300 ஏக்கர் நிலமும் 15 லட்சம் ரூபாயும் வழங்க, 1948-ல் ஜவாஹர்லால் நேரு அடிக்கல் நாட்ட, 1953-ல் ராதாகிருஷ்ணன் திறந்து வைத்த மத்திய மின்வேதியியல் ஆராய்ச்சி நிலையம் காரைக்குடியில் இருக்கிறது. லித்தியம் கலங்களைப் பற்றிய ஆய்வும் அங்கே நடந்து வருகிறது.

கீழ்பென்னாத்தூர் போன்ற ஊர்களின் சாதாரணக் குடும்பங்களுக்கு இந்த நான்காவது கலம் மடிக்கணினிக்குள் அமைந்து பெருந்திரளாக வந்து சேர்ந்தது, 2011 செப்டம்பர் 15-ஆம் நாள், அண்ணாவின் பிறந்த தினத்தன்று, அப்போதைய முதலமைச்சர் ஜெயலலிதா தொடங்கிவைத்த விலையில்லா மடிக்கணினித் திட்டத்தினாலேதான். அரசுப் பள்ளிகளிலும் அரசு உதவிபெறும் பள்ளிகளிலும் மேல்நிலை வகுப்புப் படித்த பிள்ளைகளின் கைக்கு அந்தக் கறுப்புப் பெட்டி வந்த அதே காலத்தில்தான், மாநிலம் வரலாறு காணாத மின்வெட்டில் தவித்தது. 2012-ன் பிற்பகுதியில் சென்னைக்கு வெளியே நாளொன்றுக்குப் பத்து மணி நேரத்துக்கு மேலும் மின்சாரம் நின்றுபோன மாவட்டங்கள் பல. 2014-ல்தான் அந்தக் கட்டுப்பாடுகள் விலகின. கணினி வந்தும் கரண்ட் இல்லை என்னும் இந்த விசித்திரமான நிலையில், ‘சார்ஜ் எவ்வளவு நேரம் நிற்கும்?’ என்பது மாணவனுக்குப் பரீட்சையைவிடப் பெரிய கேள்வியாக இருந்ததில் வியப்பில்லை.

அந்தக் கேள்விக்குள் உண்மையில் இரண்டு கேள்விகள் இருந்தன. ஒரு முறை நிரப்பினால் எத்தனை மணி நேரம் என்பது ஒன்று. கலம் எத்தனை ஆண்டு வாழும் என்பது மற்றொன்று. முன்னது வெறும் வரவு செலவுக் கணக்கு. கலத்தின் கொள்ளளவு 48 வாட்–மணி என்று கொண்டால், 16 வாட் செலவழிக்கும் கணினி மூன்று மணி நேரம் ஓடும்; திரையின் ஒளியைத் தாழ்த்தி, வைஃபையை அணைத்து, வேண்டாத நிரல்களை மூடி அதை 12 வாட்டாக்கினால் நான்கு மணி நேரம் ஓடும். திரையே பெருஞ்செலவாளி என்பதை இருட்டில் படித்த பிள்ளைகள் புத்தகம் பாராமலே கண்டுகொண்டார்கள். 1996-ல் இன்டெல், மைக்ரோசாஃப்ட், தோஷிபா ஆகிய நிறுவனங்கள் சேர்ந்து வகுத்த ஒரு விதிமுறையின் பயனாக, உபயோகமில்லாத உறுப்புகளைத் தூங்கவைக்கும் பொறுப்பு இயங்குதளத்தின் வசம் வந்தது. டிரான்சிஸ்டர் வந்து ரேடியோவின் செலவைக் குறைத்த அதே நியாயம்தான் இதுவும்.

பின்னதாகிய ஆயுளின் விஷயத்திலோ, நமது மூன்று ஆசாரங்களும் ஒருங்கே தோற்றுப்போயின. லித்தியத்துக்கு வெயில் ஆகாது. முழுவதும் வற்றுவதும் ஆகாது. எந்நேரமும் நூற்றுக்கு நூறாக நிறைந்து கிடப்பதும் ஆகாது. முழு சார்ஜுடன் 40 பாகை வெப்பத்தில் ஓராண்டு கிடந்த கலம் தன் கொள்ளளவில் மூன்றில் ஒரு பங்குக்குச் சற்று மேலாகவே இழந்துவிடும். 25 பாகையில், நூற்றுக்கு நாற்பது சார்ஜுடன் வைத்திருந்தால் இழப்பு நூற்றுக்கு நான்கே. சித்திரை வைகாசி வெப்பத்தில், சிமெண்டு ஷீட்டு வேய்ந்த அறையில், மெத்தையின் மேல் காற்றுத் துவாரம் அடைபட்டபடி, இன்வெர்ட்டருக்குச் செய்வதைப் போலவே இரவும் பகலும் சார்ஜரோடு பிணைத்து வைக்கப்பட்ட மடிக்கணினி, ஓரிரண்டு ஆண்டில் ‘சார்ஜே நிற்கவில்லை’ என்று சொல்லும்படி ஆனது எந்திரத்தின் குற்றமன்று. உடையவர் அசிரத்தையாக இருந்தார் என்பதுமன்று. முன்பு பலித்த ஒரு சிரத்தையை அவர் இடம் மாற்றிச் செலுத்தினார், அவ்வளவே.

கீழ்பென்னாத்தூரை உள்ளடக்கிய பழைய வடஆற்காட்டுச் சீமையின் ஏரிகளில் முன்னாளில் நீர்க்கட்டி என்று ஒருவர் இருப்பார். எந்த ஏரியின் கரை எவ்வளவு நீரைத் தாங்கும், கலங்கல் வழியும்முன் எப்போது மதகைத் திறக்க வேண்டும், கோடைக்கென்று அடியில் எவ்வளவு நிறுத்த வேண்டும் என்பதெல்லாம் அவருக்கு அத்துப்படி. பக்கத்து ஊர் ஏரியின் கணக்கை இங்கே கொண்டுவந்து அவர் பிரயோகிக்க மாட்டார், அதன் கரையும் மண்ணும் வேறு என்பது அவருக்குத் தெரியும். இன்றைய மடிக்கணினிகள் பலவற்றில், எண்பது விழுக்காடு நிரம்பியவுடன் மின்சாரத்தை நிறுத்திக்கொள்ளும் ஏற்பாடு ஒன்று அமைந்திருக்கிறது. பெட்டிக்குள்ளேயே ஒரு நீர்க்கட்டியை உட்கார்த்தி வைத்ததற்கு அது சமானம். அந்த ஏற்பாட்டை ஒருமுறை தேடி இயக்கிவிட்டு, பெட்டியை மெத்தையிலிருந்து எடுத்து மேசைமேல் நிழலில் வைத்து, இருபதுக்குக் கீழே இறங்கும் முன்பே சார்ஜ் போட்டு வருபவர், நீர்க்கட்டியைப் போல லித்தியத்துக்கு அதற்குரிய கணக்கையே எழுதுகிறவர் ஆவார்.