ரத்தத்தில் இருந்த கணக்கு

கொடைக்கானலிலிருந்து பூம்பாறை, மன்னவனூர் தாண்டி மேல்மலைக்குள் போனால் பூண்டி வரும். சரிவெல்லாம் படிப்படியாக வெட்டிய பூண்டு, உருளைக்கிழங்கு, கேரட் காடுகள். கொரோனா அடங்கிய பிறகு அந்தப் பக்கம் போனபோது கிராம சுகாதார செவிலியர் ஒருவரிடம் பேசிக்கொண்டிருந்தேன்.

"எனக்கு வந்துச்சா இல்லையான்னு எனக்கே தெரியாது தம்பி. மொத வருஷம் மூணு நாள் உடம்பு வலி. பூண்டு மூட்டைக்குப் பக்கத்துல நின்னும் வாசனை தெரியல. மலைக்காத்துல சளி புடிச்சிருக்குன்னு நெனச்சுக்கிட்டேன்."

அவருக்கு வந்ததா என்பதை அப்போதே கண்டுபிடித்திருக்கலாம். மூக்கில் குச்சி விட்டு எடுக்கும் ஆர்டி-பிசிஆர், உடம்பில் கிருமி இருக்கும் சில நாட்களைத்தான் காட்டும். கிருமி போன பிறகும் அது வந்துபோன தடம் ரத்தத்தில் எதிர்ப்புப் புரதமாகத் தங்கும். அதைத் தேடுவதுதான் ஆன்டிபாடி பரிசோதனை. நமக்கு இது புதிதல்ல. டைபாய்டுக்கு நம் ஊர் லேப்களில் எடுக்கும் வைடால் டெஸ்ட் 1896-ல் வந்தது. அதுவும் இதே வகைதான். கொரோனாவுக்குப் பெரிதும் பயன்பட்ட எலைசா முறை 1971-ல் ஸ்வீடனில் உருவானது.

இந்தியாவில் தொடக்கம் சரியாக அமையவில்லை. 2020 ஏப்ரலில் சீனாவிலிருந்து துரித கிட்டுகள் வந்தன. முடிவுகள் ஒன்றுக்கொன்று ஒத்துப்போகாததால், பயன்படுத்த வேண்டாம் என்று ஐசிஎம்ஆர் சொல்லிவிட்டது. தமிழ்நாடு தன்னிடமிருந்த 24,000 கிட்டுகளைத் திருப்பி அனுப்பப்போவதாக அறிவித்தது. மே மாதம் புனேயின் தேசிய வைராலஜி நிறுவனம் 'கோவிட் கவச்' என்ற எலைசா கிட்டை உருவாக்கிய பிறகுதான் நம்பி எண்ண ஒரு கருவி கிடைத்தது.

ஐசிஎம்ஆரின் மூன்றாவது தேசியக் கணக்கெடுப்பு 2020 டிசம்பரிலும் 2021 ஜனவரியிலும் நடந்தது. அதில்தான் சுகாதாரப் பணியாளர்களைத் தனியாக எண்ணினார்கள். 7,171 பேரின் ரத்தத்தைப் பார்த்ததில் 25.7 சதவீதம் பேருக்குத் தொற்று வந்துபோயிருந்தது. பொதுமக்களில் பெரியவர்களுக்கு அது 21.4 சதவீதம். இந்த வித்தியாசம் எதிர்பார்த்ததுதான். எனக்கு முக்கியமாகப் படுவது உள்ளே இருக்கும் பிரிவு. டாக்டர்கள், நர்சுகள் 26.6; களப்பணியாளர்கள் 25.3; அலுவலகப் பணியாளர்கள் 24.9.

பெரிய இடைவெளியே இல்லை. கவச உடை போட்டுக்கொண்டு கோவிட் வார்டில் நின்றவரும், வெறும் முகக்கவசத்தோடு வீடு வீடாகக் காய்ச்சல் விசாரித்தவரும், பதிவேடு எழுதியவரும் ஏறக்குறைய ஒரே அளவு ஆபத்தைச் சுமந்திருக்கிறார்கள். நாம் கைதட்டும்போது மனதில் வந்தது வெள்ளைக் கோட்டு மட்டும்தானே?

அந்தக் கணக்கெடுப்பு 21 மாநிலங்களில் 70 மாவட்டங்களில் நடந்தது. தமிழ்நாட்டில் சென்னை, கோவை, திருவண்ணாமலை. திண்டுக்கல் மாவட்டம் அதில் இல்லை. 2020 அக்டோபர், நவம்பரில் தமிழ்நாடு அரசு எடுத்த பொதுமக்கள் கணக்கெடுப்பில் பெரம்பலூர் 51 சதவீதத்துடன் உச்சத்திலும், நீலகிரி 11 சதவீதத்துடன் அடியிலும் இருந்தன. நீலகிரியில் குறைவு என்பதற்காக மலையில் வேலை பார்த்தவருக்கு ஆபத்து குறைவு என்று சொல்லிவிட முடியாது. ஊருக்குள் யாருக்குக் காய்ச்சல் என்றாலும் முதலில் வாசற்படி ஏறுகிறவர் அவர்தான்.

2021 ஜனவரி 16-ல் தடுப்பூசி வந்தது, முதல் வரிசையில் சுகாதாரப் பணியாளர்கள். அந்த ஆண்டு ஜூன், ஜூலையில் நடந்த நான்காவது கணக்கெடுப்பில் அவர்களில் 85.2 சதவீதம் பேரிடம் எதிர்ப்புப் புரதம் இருந்தது. நல்ல செய்திதான். ஆனால் இப்போது ரத்தத்தில் இருப்பது நோய் தந்ததா, ஊசி தந்ததா? கோவிஷீல்டு கிருமியின் முள் புரதத்துக்கு மட்டும் எதிர்ப்பை உண்டாக்கும். அதனால் கிருமியின் உட்புரதத்துக்கான எதிர்ப்பைத் தேடினால் ஓரளவு பிரித்தறியலாம். முழுக் கிருமியையே செயலிழக்கச் செய்து தயாரித்த கோவாக்சின் என்றால் அந்த வழியும் குழம்பும். போதாததற்கு, எதிர்ப்புப் புரதமே மாதங்கள் போகப்போகக் குறைந்துவிடும்.

வரலாறு எழுதுகிறவனுக்கு கல்வெட்டு பல நூற்றாண்டு காத்திருக்கும். இந்த ஆவணம் சில மாதங்கள்தான் காத்திருந்தது.

"இப்ப டெஸ்ட் எடுத்தா தெரியுமா தம்பி?" என்று கேட்டார் அந்த அக்கா.

"தெரியாதுக்கா."

"சரி விடுங்க. செத்தவங்க கணக்கும் இருக்கு, ஊசி போட்ட கணக்கும் இருக்கு. நாங்க நடந்த கணக்குதான் இல்ல" என்றபடி நோட்டைப் பையில் வைத்துக்கொண்டு அடுத்த வீட்டுக்குக் கிளம்பினார்.